எல்லை தாண்டுவது எது? நாடுகளுக்கிடையே அறிவியல் ஒப்பந்தம் பேசுவது பற்றி

களியக்காவிளையை நடுவில் வைத்துப் பார்த்தால், நூறு கிலோமீட்டருக்குள் மூன்று பாடங்கள் கிடக்கின்றன. வடமேற்கே தும்பா ராக்கெட் ஏவுதளம்: அமெரிக்க ராக்கெட், பிரெஞ்சு ஆய்வுக்கருவி, நம் கடற்கரை மணல். கிழக்கே ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி: பிரான்சிடமிருந்து கைக்கு வந்த எஞ்சின் நுட்பம், ரஷ்யாவிடமிருந்து வராமலே போன எஞ்சின் நுட்பம். வடக்கே பாலோடு: காணிக்காரர்கள் என்ற மலைப் பழங்குடிகளின் ஆரோக்கியப்பச்சை மூலிகை. கடைசியாகச் சொன்னது வெளிநாட்டு ஒப்பந்தமே அல்ல. ஆனால் வெளிநாட்டு ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் அதைப் படிக்காமல் இருக்கக் கூடாது.

நாகர்கோவில், குழித்துறை, பாறசாலை பக்கமிருந்து காலை ரயிலில் திருவனந்தபுரம் ஆய்வகங்களுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் யாருக்காவது ஒருநாள் மேலிருந்து ஒரு ஃபைல் வரும்: "வெளிநாட்டு நிறுவனத்தோடு கூட்டுத்திட்டம். டெக்னிக்கல் அனெக்ஸ் மட்டும் நீங்க எழுதிக் கொடுங்க, மற்றதை டெல்லி பார்த்துக்கும்." அந்த 'மட்டும்' என்ற சொல்லை நம்பாதீர்கள். முகப்புரை, நட்புறவு, பரஸ்பர நலன் எல்லாம் ஏற்கெனவே பத்து ஒப்பந்தங்களில் இருந்து எடுத்து ஒட்டப்பட்டவை. எந்தப் பொருள், எந்தத் தரவு, எந்த ஆள், எந்த நுட்பம், எந்தத் தேதியில் எல்லை தாண்டும், தாண்டிய பின் யாருடையது என்பதைச் சட்ட அலுவலர் எழுத முடியாது. அது உங்கள் அனெக்ஸில், அதாவது தொழில்நுட்ப இணைப்பில்தான் இருக்கிறது. ஒப்பந்தம் ஓடுவதும் படுப்பதும் அங்கேதான்.

முதலில் அடுக்குகள். மேலே ஒரு குடை ஒப்பந்தம் இருக்கும். இரு அரசுகளும் போட்டது, பொறுப்பு, அறிவுசார் சொத்து, சுங்கம், விசா போன்ற பொது விதிகள் அதில் இருக்கும். அதன் கீழே ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு செயலாக்க ஏற்பாடு. நாசாவும் இஸ்ரோவும் 2008 பிப்ரவரி 1-ல் ஒரு குடை ஒப்பந்தம் போட்டன. அதன் கீழே, இருவரும் சேர்ந்து செய்த நிசார் என்ற புவி நோக்கு ரேடார் செயற்கைக்கோளுக்கான ஆவணம் 2014 செப்டம்பர் 30-ல் டொராண்டோவில் கையெழுத்தானது. கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது 2025 ஜூலை 30-ல். நடுவே கிட்டத்தட்ட பதினோரு வருடம். கையெழுத்துப் போட்டவர்கள் பதவியில் இல்லாத காலத்திலும் ஓட வேண்டிய காகிதம் இது என்பதை எழுதும்போதே மனதில் வைக்க வேண்டும்.

குடை இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. இருந்தால் அதன் பொறுப்பு விதியையும் அறிவுசார் சொத்து இணைப்பையும் ஒரு வரியில் சுட்டிவிட்டுப் போகலாம். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் உங்கள் சிறு ஆவணத்துக்குள்ளேயே புதிதாகப் பேச வேண்டியிருக்கும். ஆறு மாத வேலை இரண்டு வருடமாகும். இந்திய-அமெரிக்க அறிவியல் தொழில்நுட்ப ஒப்பந்தம் 2005 அக்டோபரில்தான் கையெழுத்தானது; அதற்கு முன் வருடக்கணக்கில் இழுத்த முக்கியமான விஷயம் அறிவுசார் சொத்து.

வரைவை யார் முதலில் எழுதுகிறார்களோ அவர்களுக்கு அரைப் பங்கு வெற்றி. எதிர்த்தரப்பு தங்கள் வழக்கமான மாதிரியை அனுப்பும். அதைத் திருத்திக்கொண்டே போவது, நம் மாதிரியை அவர்கள் திருத்துவதைவிடக் கடினம். ஒத்துவராத சொற்களைச் சதுர அடைப்புக்குள் போட்டு வைப்பது வழக்கம். ஒவ்வொரு சுற்றிலும் அடைப்புகளின் எண்ணிக்கை குறைய வேண்டும். மூன்று சுற்றுக்குப் பிறகும் ஒரே அடைப்பு அப்படியே நின்றால், பேசுகிறவர்களுக்கு அதை முடிக்க அதிகாரம் இல்லை என்று அர்த்தம். அதை மேலே அனுப்பிவிட்டு மற்றதை முடியுங்கள்.

தும்பா எளிய வகை. பூமியின் காந்த நடுக்கோடு அருகே போகிற இடம். மேல்வளிமண்டலத்தை ஆராய மற்ற நாடுகளுக்கும் அந்த இடம் தேவைப்பட்டது. நமக்குப் பேரம் பேசக் கையில் இருந்தது அந்த நிலவியல் ஒன்றுதான். 1963 நவம்பர் 21-ல் கிளம்பிய நைக்கி-அப்பாச்சி ராக்கெட் நாசாவுடையது. அதிலிருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சுடையது. இந்தியப் பொறியாளர்கள் அமெரிக்காவில் பயிற்சி பெற்று வந்தவர்கள். 1968 பிப்ரவரி 2-ல் தளம் ஐ.நா.வுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நாசாவின் கூட்டுத்திட்டங்களில் பழைய விதி ஒன்று உண்டு: பணம் கைமாறாது, அவரவர் பங்குக்கு அவரவர் செலவு, முடிவுகள் வெளிப்படை. இன்றைக்கும் பெரும்பாலான அறிவியல் ஒப்பந்தங்களின் எலும்புக்கூடு இதுதான்.

பணம் கைமாறாது என்பதைக் கேட்டு நிம்மதி அடையக் கூடாது. பணம் இல்லாத இடத்தில் எதை வைத்து அளப்பது? இதற்கு நல்ல விடை 1974-ல் இஸ்ரோவும் பிரான்சின் எஸ்.இ.பி. நிறுவனமும் போட்ட வைக்கிங் எஞ்சின் ஒப்பந்தம். நுட்பத்துக்கு ஈடாக இந்தியப் பொறியாளர்களின் 100 மனித-ஆண்டு உழைப்பு (ஒருவர் ஓராண்டு செய்யும் வேலை ஒரு மனித-ஆண்டு). அங்கே போய் உட்கார்ந்து அவர்களுடைய வடிவமைப்பிலேயே வேலை செய்வது. வரைபடம் மட்டும் வாங்கி வந்திருந்தால், ஓர் அளவு ஏன் அப்படி வைக்கப்பட்டது என்று தெரியாமல் போயிருக்கும். கூட இருந்து வேலை செய்ததால் தெரிந்தது. அதே எஞ்சின் இங்கே விகாஸ் ஆனது. இந்தியாவில் செய்ததை 1985-ல் பிரான்சின் வெர்னான் நகரில் சோதித்தார்கள். பிறகுதான் மகேந்திரகிரியில் சோதனை மேடை.

மனித-ஆண்டு என்று எழுதினால் அதை எண்ணும் முறையையும் எழுத வேண்டும். சம்பளம் யார், தங்குமிடம் யார், மருத்துவக் காப்பீடு யார், விடுமுறை கணக்கில் சேருமா, எந்தக் கூடங்களுக்கு நுழைவு அனுமதி, எந்த வடிவமைப்புக் கூட்டங்களில் உட்காரலாம், திரும்பும்போது சொந்தக் குறிப்பேட்டைக் கொண்டுவரலாமா. கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். நுட்பம் கைமாறுவதே அந்தக் குறிப்பேட்டில்தான்.

இதற்கு நேர் எதிர், கிரையோஜெனிக், அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் எஞ்சின். 1991 ஜனவரியில் சோவியத்தின் விண்வெளி வணிக நிறுவனமான கிளாவ்கோஸ்மோஸோடு இஸ்ரோவின் ஒப்பந்தம்: எஞ்சின்களும் அவற்றின் நுட்பமும், 235 கோடி ரூபாய். அந்த ஆண்டு முடிவதற்குள் சோவியத் நாடே இல்லை. ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு விதிகளைக் காட்டி 1992 மே மாதம் அமெரிக்கா இரு நிறுவனங்கள்மீதும் இரண்டாண்டுத் தடை விதித்தது. 1993-ல் ரஷ்யத் தரப்பு 'ஃபோர்ஸ் மெஜர்', அதாவது எங்கள் கையை மீறியது என்ற சரத்தைச் சொல்லி நுட்பம் தருவதிலிருந்து விலகியது. மறுபேச்சுக்குப் பின் நமக்கு வந்தவை எஞ்சினோடு கூடிய ஏழு தயார் நிலை ராக்கெட் அடுக்குகள். அவற்றில் முதலாவது 2001 ஏப்ரல் 18-ல் ஜி.எஸ்.எல்.வி.யில் பறந்தது. சொந்த கிரையோ அடுக்கு 2010-ல் தோற்று, 2014 ஜனவரி 5-ல்தான் வென்றது.

அரசியல் காரணங்களை எல்லோரும் பேசுவார்கள். ஒப்பந்தம் எழுதுகிறவர் கவனிக்க வேண்டியவை வேறு. ஒன்று, கையை மீறிய நிகழ்வு என்பதன் வரையறை. வெள்ளம், போர், நிலநடுக்கம் சரி. எதிர்த்தரப்பு ஓர் அரசு நிறுவனம் என்றால், அதன் சொந்த அரசே உரிமம் மறுப்பது அந்தப் பட்டியலில் சேருமா? அப்படியே விட்டால் சேரும் என்றுதான் வாதிடுவார்கள். 'ஏற்றுமதி உரிமத்தைப் பெறுவது கொடுக்கும் தரப்பின் கடமை. இன்ன தேதிக்குள் கிடைக்காவிட்டால் இன்ன பரிகாரம்' என்று தனியாக எழுதுங்கள். இரண்டு, வரிசை. பயிற்சியும் வரைபடமும் முதல் தவணைக்கு, வன்பொருள் பின் தவணைக்கு. தலைகீழாக வைத்தால், நடுவில் நின்றுபோகும்போது கையில் பெட்டி இருக்கும், அறிவு இருக்காது. மூன்று, மூன்றாம் நாட்டுப் பாகம். உங்கள் கூட்டாளி ஜெர்மனியாக இருக்கலாம்; கருவிக்குள் ஒரு அமெரிக்கச் சில்லு இருந்தால் அமெரிக்க ஏற்றுமதி விதியும் கூடவே வரும். பாகப்பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பிறப்பிட நாடு என்று ஒரு பத்தி வைக்கச் சொல்லுங்கள். அமெரிக்கப் பாகங்கள் உள்ள செயற்கைக்கோள்களை நம் ராக்கெட்டில் ஏற்றவே 2009-ல் தனியாக ஒரு தொழில்நுட்பப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது.

நம் பக்கத்திலும் இதே விதி உண்டு, பலர் மறந்துபோகிறார்கள். ஸ்கோமெட் என்ற இந்திய ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள பொருள் வெளியே போக அனுமதி வேண்டும். பொருள் மட்டுமல்ல, அதன் வரைபடத்தை மெயிலில் அனுப்புவதும் ஏற்றுமதிதான். மாணவர் ஒருவர் கூட்டாளிக்கு நல்லெண்ணத்தில் அனுப்பிவிட்டு நிற்பார்.

இனி கஸ்டம்ஸ். பெரிய பேச்சுகளில் யாரும் இதைத் தொடுவதில்லை; தாமதத்தில் பாதி இங்கேதான். கருவி தற்காலிக இறக்குமதியா, நிரந்தரமா? சரக்கு பெறுநர் யார்: நிறுவனமா, துறையா, ஒப்பந்ததாரரா? வரிவிலக்குச் சான்றிதழை யார், கப்பல் கிளம்பும் முன் எத்தனை நாளில் தர வேண்டும்? இன்வாய்ஸில் விலை பூஜ்யம் என்று போட்டு வந்தால் சுங்கம் ஏற்காது; விற்பனைக்கல்ல என்று குறிப்பிட்டு நியாயமான மதிப்பும் வேண்டும். டெமரேஜ், அதாவது சரக்கு துறைமுகத்தில் தேங்குவதற்கான கட்டணம், ஏறினால் எந்தத் தரப்பு கட்டும்? நிசாரின் 12 மீட்டர் ஆண்டெனாத் தட்டு பெங்களூர் வந்து சேர்ந்த பின், வெயில் தாங்கும் பூச்சுக்காக 2024-ல் மறுபடியும் கலிஃபோர்னியா போய்த் திரும்பியது. கருவி ஒருவழியாக மட்டும் பயணம் செய்யும் என்று எழுதிய ஒப்பந்தம் இப்படிப்பட்ட நாளில் முடங்கும். 'பழுது, சோதனை, மாற்றத்துக்காக எத்தனை முறையும்' என்ற ஒரு தொடர் போதும்.

அறிவுசார் சொத்தில் மிக ஆபத்தான வரி, 'கூட்டாகக் கண்டுபிடித்தது இரு தரப்புக்கும் கூட்டாகச் சொந்தம்' என்பது. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி, கூட்டு உரிமையாளர் ஒருவர் மற்றவர் சம்மதம் இல்லாமல் மூன்றாம் ஆளுக்கு உரிமம் கொடுக்க முடியாது. அமெரிக்கச் சட்டத்தில், வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், ஒருவர் மற்றவரைக் கேட்காமலே பயன்படுத்தலாம், உரிமமும் கொடுக்கலாம், வருமானத்தில் பங்கும் தர வேண்டியதில்லை. கூட்டாகத் தென்னந்தோப்பு வாங்கி, எல்லைக்கு இந்தப் பக்கம் கையெழுத்து இல்லாமல் ஒரு தேங்காய் விற்க முடியாது, அந்தப் பக்கம் தோப்பையே குத்தகைக்கு விடலாம் என்று இருந்தால் எப்படி? எனவே எந்த நாட்டில் யார் உரிமம் கொடுப்பது, வருமானம் எந்த விகிதம், காப்புரிமைச் செலவு யார், ஒருவர் கட்டணம் கட்டாமல் விட்டால் மற்றவர் என்ன செய்யலாம் என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். முன்பே நம்மிடம் இருந்த நுட்பத்தின் பட்டியலைத் திட்டம் தொடங்கும் நாளில் தேதியிட்டு இணைத்துவிடுங்கள். பிறகு எது பழையது எது புதியது என்ற சண்டை வராது. இன்னொன்று, 39-வது பிரிவு: இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டில் முதலில் விண்ணப்பிக்க அனுமதி பெற வேண்டும், அல்லது இங்கே விண்ணப்பித்து ஆறு வாரம் பொறுக்க வேண்டும். கூட்டாளி அவசரத்தில் தன் நாட்டில் விண்ணப்பித்து உங்கள் பெயரையும் சேர்த்துவிட்டால் சிக்கல் உங்களுக்கு.

வெளியீடு பற்றி. சந்திரயான்-1-ல் இருந்த அமெரிக்க எம்-3 கருவியின் நீர்த்தடயச் செய்தி 2009 செப்டம்பரில் உலகெங்கும் பரவியது. அதற்கு முன்பே, 2008 நவம்பர் 14-ல் நிலவில் மோதிய இந்திய மோதுகலத்தில் தும்பாவின் விண்வெளி இயற்பியல் ஆய்வகம் செய்த 'சேஸ்' கருவி இறங்கும் வழியிலேயே நீராவியைப் பதிவு செய்திருந்தது. அந்தக் கட்டுரை அச்சானது 2010-ல். ஒரே விண்கலத்தில் பல நாட்டுக் கருவிகள் போகும்போது, தரவு யாருக்கு எத்தனை மாதம் தனியுரிமை, செய்தி அறிவிப்புக்கு முன் எத்தனை நாள் தகவல் தர வேண்டும், ஒத்துப்போகும் முடிவுகளைச் சேர்ந்து வெளியிடுவதா என்று மூன்று வரி எழுதுவது அதிகச் செலவில்லாத வேலை. கட்டுரையைப் பார்வைக்கு அனுப்பினால் முப்பது நாளில் பதில் வராவிட்டால் சம்மதம் என்றும் சேருங்கள். இல்லாவிட்டால் யாரோ ஒருவரின் மேசையில் அது தூங்கும்.

பாலோடு. 1987-ல் அகத்தியமலையில் காணிக்காரர்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து அங்குள்ள தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவானது. பல்லுயிர்ச் சட்டம் வருவதற்குப் பல ஆண்டு முன்பே நடந்ததால் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. சிக்கல் பங்கில் இல்லை. பணத்தைப் பெற்றுக்கொள்ள ஓர் அமைப்பு இல்லை; 1997-ல் அறக்கட்டளை பதிவான பின்தான் வழி பிறந்தது. செடியைப் பறிக்கவும் வளர்க்கவும் வனத்துறையின் சம்மதம் தனிப் பிரச்சினை ஆனது. காணிக்குடிகள் பல பஞ்சாயத்துகளில் பரவியவர்கள். மலையின் தமிழ்நாட்டுப் பக்கமும் இருக்கிறார்கள். யார் சார்பில் யார் கையெழுத்து?

இந்தக் கேள்விகள் எல்லாம் இன்று வெளிநாட்டு ஒப்பந்தத்தில் அப்படியே வரும். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி வெளிநாட்டவர் நம் உயிர்வளத்தை எடுக்கச் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளுக்கு உட்பட்டு ஒப்புதல் பெற்ற கூட்டு ஆராய்ச்சிக்கு 5-வது பிரிவில் விலக்கு உண்டு. அந்த விலக்கை நம்பி மாதிரிகளை அனுப்பிவிட்டு, பிறகு காப்புரிமைக்குப் போகும்போது 6-வது பிரிவு குறுக்கே நிற்பதைக் கண்டு விழிப்பவர்கள் உண்டு. மாதிரி எத்தனை கிராம், எந்த ஆய்வுக்கு, மீதி திரும்புமா அழிக்கப்படுமா, மூன்றாம் ஆய்வகத்துக்குக் கைமாறலாமா என்பது பொருள் மாற்ற ஒப்பந்தத்தில் தனியே வர வேண்டும். மனித இரத்தம், திசு என்றால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) வழியே சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவும் சேரும்.

கடல் ஆய்வுக்கு வேறு கடிகாரம். கன்னியாகுமரிக்குத் தெற்கே வெட்ஜ் திட்டு என்ற ஆழம் குறைந்த கடற்பகுதிப் பக்கம் ஒரு வெளிநாட்டு ஆய்வுக்கப்பல் வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐ.நா. கடல் சட்டத்தின் 248-வது பிரிவுப்படி, தொடங்கும் தேதிக்கு ஆறு மாதம் முன்பே கப்பலின் விவரம், கருவிகள், பாதை எல்லாம் கடலோர நாட்டுக்குத் தர வேண்டும். நம் விஞ்ஞானிகள் கப்பலில் ஏறவும் தரவு பெறவும் உரிமை உண்டு. பருவமழையையும் கணக்கில் சேர்த்தால், ஒப்பந்தத்தில் 'ஆண்டு' என்று எழுதாமல் மாதத்தை எழுதுவதே புத்தி.

பொறுப்புச் சரத்தில் அதிகம் பேச ஒன்றுமில்லை. விண்வெளித் திட்டங்களில் பரஸ்பரம் வழக்குத் தொடுக்காமை வழக்கம்: உங்கள் கருவி எங்கள் ராக்கெட்டோடு கடலில் விழுந்தால் நீங்கள் கேட்க மாட்டீர்கள், மறுபக்கமும் அப்படியே. உயிரிழப்பு, காயம், வேண்டுமென்றே செய்த தவறு, அறிவுசார் சொத்து ஆகியவை விலக்கு. இந்தக் கட்டுப்பாட்டை ஒவ்வொரு தரப்பும் தன் ஒப்பந்ததாரர்களுக்கும் கடத்த வேண்டும் என்ற வரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது இல்லாவிட்டால் கீழ் ஒப்பந்ததாரர் வழக்குப் போடுவார்.

பண ஆண்டு பொருந்தாமை கூட்டுத்திட்டங்களில் ஓயாத தலைவலி. நமக்கு ஏப்ரல் முதல் மார்ச். அமெரிக்க அரசுக்கு அக்டோபர் முதல் செப்டம்பர். பிரான்சுக்கு ஜனவரி முதல் டிசம்பர். 'நிதி கிடைப்பதைப் பொறுத்து' என்ற தொடர் எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். அதை எடுக்க முடியாது, முயலவும் வேண்டாம். மாறாக, ஒரு தரப்பின் நிதி தாமதமானால் மறு தரப்பின் கெடுவும் அதே அளவு நகரும் என்று அனெக்ஸில் எழுதுங்கள்.

உரை முடிந்ததும் உள்நாட்டு அனுமதிகள்: சம்பந்தப்பட்ட அமைச்சகம், நிதிப் பிரிவு, வெளியுறவு அமைச்சகத்தின் சட்ட மற்றும் உடன்படிக்கைப் பிரிவு, தேவைப்பட்டால் அமைச்சரவை. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பாமல், வரைவு பாதி முடிந்ததுமே சட்டப் பிரிவிடம் காட்டிவிட்டால் மாதங்கள் மிச்சம். பிரதமர் பயணத்தில் கையெழுத்து என்று தேதி முடிவாகிவிட்டால், பேரம் பேசும் பலம் போயிற்று. எதிர்த்தரப்பு கடைசி வாரத்தில் சதுர அடைப்பை மீண்டும் திறக்கும். அப்போது முதன்மை உரையில் மட்டும் கையெழுத்திட்டு அனெக்ஸைப் பின்னால் தள்ளலாம் என்ற யோசனை வரும். விழாவுக்கு அது போதும், திட்டத்துக்குப் போதாது.

அரசுகளுக்கு இடையிலான ஒப்பந்தம் என்றால் மூலப்பிரதி இரண்டு, இந்தியிலும் அவர்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும். பொருள் வேறுபட்டால் ஆங்கிலம் செல்லும் என்று எழுதுவது வழக்கம். நம் பிரதியில் இந்தியாவின் பெயர் முன்னால், அவர்கள் பிரதியில் அவர்கள் பெயர். எண்கள், தேதிகள், அலகுகளைக் கையெழுத்துக்கு முந்தின நாள் மூன்று மொழிகளிலும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொழில்நுட்ப ஆளை உட்கார வையுங்கள். மொழிபெயர்ப்பாளருக்கு மெகாஹெர்ட்ஸும் கிகாஹெர்ட்ஸும் ஒன்றுபோலத் தெரியலாம்.

காலவரம்பை நாட்காட்டியில் குறித்து வைக்கச் சொல்லி முடிக்கிறேன். பெரும்பாலான ஏற்பாடுகள் ஐந்து அல்லது பத்து ஆண்டு. முடிவதற்கு ஓராண்டு முன்பே நீட்டிப்பு ஃபைலைத் தொடங்க வேண்டும், ஏனென்றால் காலாவதியான ஒப்பந்தத்தை நீட்டிக்க முடியாது. புதிதாகத்தான் போட வேண்டும், எல்லா அனுமதியும் மறுபடி. அந்த இடைவெளியில் துறைமுகத்தில் நிற்கும் கருவிக்கு வரிவிலக்குச் சான்றிதழ் கேட்டால், எந்த ஒப்பந்தத்தின் கீழ் என்றுதான் சுங்க அதிகாரி முதலில் கேட்பார்.